ஒன்றில் ஒன்று புகாமை

பருப்பொருள் ஒன்று நிற்கும் இடத்தில் அதே வேளையில் வேறொரு பருப்பொருள் நிற்க இயலாது என்னும் இயல்பை ஐரோப்பிய மெய்யியலார் 'இம்பெனட்ரபிலிட்டி' என்ற பெயரால் வழங்கினர். அதே பெயர் பொது வழக்கில் ஆள் நுழையாத காட்டுக்கும், எத்தனை முறை படித்தாலும் பிடிகொடாத நூலுக்கும், உள்ளத்தில் இருப்பதை முகத்தில் காட்டாத மனிதருக்கும், அறிவுக்கு எட்டாத கடவுளுக்கும் உரியதாக விரிந்தது. லூயி கரோல் 1871இல் வெளியிட்ட சிறுவர் கதையில் வரும் ஹம்ப்டி டம்ப்டி என்னும் முட்டை உருவம் இச்சொல்லை உரக்கக் கூவிவிட்டு, அதற்குத் தான் விரும்பிய பொருளைத் தானே கற்பித்துக்கொள்கிறது. கேட்டு நின்ற சிறுமிக்கு அது விளங்காமற் போனது ஆசிரியரின் குறும்பு மட்டுமன்று, அச்சொல்லின் தன்மைக்கே ஏற்ற நிகழ்வும் ஆகும். இத்தனை வேறுபட்டவை ஒரே பெயரின் கீழ் வந்து சேர்வதால் மறைந்துபோகும் வினா ஒன்று உண்டு. புகுவதைத் தடுப்பது பொருளின் இயல்பா, புக முயல்வோரின் குறையா என்பதே அது. முன்னதைப் புகவிடாமை என்றும் பின்னதைப் புகமுடியாமை என்றும் பிரித்துக்கொண்டால் ஆராய்ச்சி எளிதாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு இலங்கையின் மாத்தளை மாவட்டம் பொருத்தமான களமாகும். பாலி மொழியில் அமைந்த பௌத்தத் திருநூல்கள் முதன்முதலாக ஏட்டில் ஏறிய இடம் என்று மரபு போற்றும் அலுவிகாரைக் குகைகள் மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் ஏ-9 வீதியோரத்தில் உள்ளன. அதே வீதியில், நகருக்குள், மலையகத் தமிழரின் பெருங்கோயில்களுள் ஒன்றான ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானம் நிற்கிறது. ஆழ்ந்து கிடப்பதை ஊடறுத்து உணர்தல் பற்றிப் பௌத்தமும், அறிவால் எட்டாதது தானே வந்து அறிவித்தல் பற்றிச் சைவமும் வகுத்த கோட்பாடுகள் நேருக்கு நேர் நிற்பது போன்ற அமைப்பு இது.

முதலில் பருப்பொருளின் புகவிடாமையை நோக்க வேண்டும். தமிழில் இவ்வியல்பைப் பற்றிய பழைய கூற்றுகளுள் தெளிவானது மணிமேகலையின் 27ஆம் காதையில் காணப்படுகிறது. வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறியும் மணிமேகலைக்கு ஆசீவக சமயத்தைச் சேர்ந்தவர் நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களைக் கூறி, அவை புதிதாகத் தோன்றுவதும் அழிவதும் இல்லை என்றும், ஒன்று இரண்டாகப் பிளப்பதும் ஒன்றனுள் மற்றொன்று நுழைவதும் இல்லை என்றும் விளக்குகிறார். அவ்வணுக்களே செறிந்து வயிரமாகவும் அமையும், மூங்கிலைப் போல உட்டுளை கொண்டவையாகவும் அமையும் என்று அவர் சேர்த்துக் கூறுவதில் நுட்பமான ஓர் உணர்வு இருக்கிறது. வன்மை வேறு, புகவிடாமை வேறு. மூங்கில் வயிரத்தைவிட மென்மையானது என்பதற்காக மூங்கிலின் அணு மற்றோர் அணுவுக்கு இடம் விட்டுக் கொடுப்பதில்லை.

இவ்வேறுபாட்டை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் கழித்து வேறு வழியில் கண்டனர். ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், 1690ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்த மனித அறிவு பற்றிய தம் நூலில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடந்த ஒரு சோதனையைக் குறிப்பிடுகிறார். உள்ளீடற்ற பொன்னுருண்டையை நீரால் நிரப்பி அடைத்துத் திருகு கருவியில் இட்டு நெருக்கியபோது, நீர் சுருங்கி இடம் தராமல் பொன்னின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியே துளித்தது. கையால் அளையக்கூடிய நீர், தன் இடத்தைக் காத்துக்கொள்வதில் பொன்னுக்குக் குறைந்ததன்று என்பதற்கு இது சான்றாயிற்று. லொக் இவ்வியல்புக்குத் 'திண்மை' என்ற பொருள்படும் பெயரையே விரும்பினார்; புகவிடாமை என்பது எதிர்மறைப் பெயர், திண்மையின் விளைவைச் சொல்கிறதே அன்றித் திண்மை இன்னதென்று சொல்லவில்லை என்பது அவர் கருத்து. அக்கருத்து சரியானதே. ஆயினும் திண்மை என்ற பெயரை இட்டுவிட்டதால் அது இன்னதென்று விளங்கிவிட்டதாகவும் கொள்ள முடியாது.

வட இந்தியப் பௌத்தரின் பகுப்பு இவ்விடத்தில் மேலும் ஆழமாகச் செல்கிறது. வசுபந்து தம் அபிதர்மகோசத்தில் 'பிரதிகாதம்', அதாவது மோதுதல் அல்லது தடைப்படுதல், மூவகைப்படும் என்கிறார். கை கையின் மேலும் கல் கல்லின் மேலும் மோதி நிற்பது போல ஒன்றன் இடத்தில் மற்றொன்று தோன்ற இயலாமை முதல் வகை. இது 'ஆவரண பிரதிகாதம்', இடத்தைப் பற்றிய தடை எனப்படும். கண் முதலிய புலன்கள் தத்தமக்குரிய புலத்தின் மேல் படுவது இரண்டாம் வகை. மனமும் மனத்தோடு எழும் நிலைகளும் தாம் பற்றும் பொருளின் மேல் படுவது மூன்றாம் வகை. கல் கல்லைத் தடுப்பதும் கண் உருவைக் காண்பதும் மனம் கருத்தைப் பற்றுவதும் ஒரே தலைப்பின் கீழ் வைக்கப்பட்டது வெறும் சொற்சிக்கனம் அன்று. ஒரு பொருள் அறிவுக்கு எதிரே நின்று அதைத் தடுத்து நிறுத்தினால்தான் அது அறியப்படும். எதிலும் மோதாத அறிவுக்கு எதுவும் தென்படுவதில்லை. அப்படியானால் தடை என்பது அறிவின் பகை மட்டும் அன்று, அறிவு நிகழ்வதற்கு வாயிலும் அதுவே. இந்தப் பகுப்பில் இச்சொல்லின் இருபுறமும் ஒருங்கே காணக் கிடைக்கின்றன.

அதே வசுபந்து, அகப்பொருளையே உண்மையெனக் கொள்ளும் விஞ்ஞானவாத நிலையில் நின்று எழுதிய விம்சதிகை என்னும் சிறு நூலில், அணுவின் புகவிடாமையைக் கடுமையான வாதத்துக்கு உள்ளாக்குகிறார். ஓர் அணுவை ஆறு திசைகளிலிருந்தும் ஆறு அணுக்கள் ஒருங்கே வந்து சேர்கின்றன என்றால் அந்த ஓர் அணுவுக்கு ஆறு பக்கங்கள் உண்டு என்றாகும், அப்போது அது பகுப்பற்றது அன்று; ஆறும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால் எத்தனை அணுக்கள் கூடினும் திரட்சி ஓரணு அளவைத் தாண்டாது. பக்கங்களே இல்லாத பொருளுக்கு நிழல் ஏது, தடுக்கும் ஆற்றல் ஏது என்பது அவர் கேட்கும் வினா. தடுப்பதற்கு ஒரு புறமும் மறுபுறமும் வேண்டும், புறமுடையது பகுக்கப்படும், ஆகவே உலகின் அடிக்கல்லாகக் கருதப்பட்ட அணு, பிரிக்கப்படாததாகவும் புகவிடாததாகவும் ஒருசேர இருக்க முடியாது. ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1786இல் வேறொரு நோக்கில் இதற்கு அண்மையில் வந்தார். ஓரிடத்தில் இரு பொருள் இருப்பது முரண் என்னும் தருக்க விதி எந்தப் பொருளையும் பின்னுக்குத் தள்ளிவிடாது, தள்ளுவதற்கு ஒரு விசை வேண்டும் என்றார் அவர். இடத்தை நிரப்புவது பொருளின் வெறும் இருப்பு அன்று, அது செலுத்தும் எதிர்விசையே என்பது அதன் பயன். திண்மை என்று லொக் பெயரிட்டு விட்ட இடத்தில் இருவரும் மேலும் ஒரு கேள்வி கேட்டனர்.

இனி அலுவிகாரைக்கு வரலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர்களிடம் அரசை இழந்த வட்டகாமினி அபயன், சிங்கள வழக்கில் வலகம்பா எனப்படுபவன், பதினான்கு ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்து, கி.மு. 89 அளவில் அரசை மீட்டான். இம்மாவட்டத்தின் வட எல்லையில் உள்ள தம்புள்ளைக் குகைகளில் அவன் மறைந்திருந்தான் என்பது மரபு. அக்காலத்தில் கொடிய பஞ்சம் ஒன்றும் நாட்டை வாட்டியது. திருநூல்கள் அதுவரை பாணகர் எனப்பட்ட ஓதுவார்களின் நினைவில் மட்டுமே இருந்தன. ஒரு பகுதியை ஓதுவோர் அற்றுப்போனால் அப்பகுதியே அற்றுப்போகும். ஆகவே திரிபிடகமும் உரைகளும் எழுதப்பட்டன. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் சொல்கிறது, இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அலுவிகாரையைச் சுட்டுபவை பிற்கால நூல்களும் வழிவழி வந்த மரபும் ஆகும். மரபை ஐயுறுவதற்கு வலுவான காரணம் இல்லை என்றாலும், இவ்வேறுபாட்டை மறைத்து எழுதுவது முறையன்று.

எழுதப்பட்டதன் மெய்யியற் பொருளை அறிய உரைநூல்களில் பதிவாகியுள்ள ஒரு வாதம் உதவுகிறது. பஞ்சம் தீர்ந்து, கடல் கடந்து சென்ற துறவிகள் திரும்பியபின், மண்டலாராமம் என்னும் விகாரையில் சாசனத்துக்கு, அதாவது புத்தரின் நெறி உலகில் நிலைத்திருப்பதற்கு, வேர் எது என்ற வினா எழுந்தது. பௌத்த மரபு நெறியை மூன்றாக வகுக்கும். திருநூலைக் கற்றல் 'பரியத்தி', கற்றபடி ஒழுகுதல் 'படிபத்தி', ஒழுக்கத்தின் முடிவில் உண்மையை ஊடறுத்து உணர்தல் 'படிவேதம்'. படிவேதம் என்பதற்கு நேர்ப்பொருளே துளைத்துச் செல்லுதல் ஆகும். கந்தலாடை உடுத்துத் தவம் பூண்ட துறவிகள் ஒழுக்கமே வேர் என்றனர். நூல் ஓதி அறம் உரைக்கும் துறவிகள் கல்வியே வேர் என்றனர். இறுதியில் கல்வியை முதன்மைப்படுத்தியோர் வென்றனர். துளைத்துணர்ந்தவர் ஒருவரும் எஞ்சாத காலத்திலும் நூல் எஞ்சினால் வழி எஞ்சும் என்பது அவர்களின் நியாயத்தின் சாரம். இலங்கைப் பௌத்த வரலாற்றை 1956இல் எழுதிய வல்பொல ராகுல தேரர் இவ்வாதத்தைப் பெரிய திருப்பமாகக் கருதியது பொருத்தமே. ஆயினும் அவ்வெற்றியில் ஒரு முரண் உண்டு. மூன்றினுள் துளைக்கும் ஆற்றலே இல்லாதது கல்வி; அதுவே வேர் என்று முடிவாயிற்று.

ஏட்டில் ஏறிய அந்நூல்களே ஏட்டால் எட்டாதவற்றைப் பற்றிப் பேசுகின்றன. தீகநிகாயத்தின் மகாநிதான சூத்திரத்தில், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் முறையாகிய சார்பிற்றோற்றம் தமக்குத் தெளிவாகவே தோன்றுகிறது என்று ஆனந்தர் கூற, அவ்வாறு சொல்லற்க என்று புத்தர் தடுக்கிறார். அது ஆழமானது, அதைத் துளைத்து உணராமையால்தான் மக்கள் சிக்குண்ட நூற்கண்டுபோல் பிறவியில் உழல்கின்றனர் என்கிறார். இங்குள்ளது புகமுடியாமை, அது நீங்கக் கூடியது. மச்சிமநிகாயத்தின் 72ஆம் சூத்திரத்தில் நிலைமை வேறு. விடுதலை அடைந்தவர் இறந்தபின் எங்கே பிறக்கிறார் என்று வச்சகோத்தர் கேட்க, எரிந்து அவிந்த தீ எத்திசைக்குச் சென்றது என்ற எதிர்வினாவே மறுமொழியாகிறது. பிறக்கிறார் என்பதும் பொருந்தாது, பிறக்கவில்லை என்பதும் பொருந்தாது. உருவம், உணர்வு முதலியவற்றால் அளக்கப்படும் நிலையைக் கடந்த அவர் பெருங்கடல்போல் ஆழமானவர், அளவிட முடியாதவர், அடி காண்பதற்கு அரியவர் எனப்படுகிறார். இங்கே தடையாக நிற்பது அறிவின் குறை அன்று, வினாவின் பிழை. மூன்றாவதாக, அங்குத்தரநிகாயம் நினைக்கத் தகாதவை என்று நான்கைக் குறிக்கிறது: புத்தர்களின் ஆற்றல் எல்லை, தியானத்தில் அமர்ந்தோரின் ஆற்றல் எல்லை, வினைப்பயன் விளையும் வகை, உலகைப் பற்றிய ஊகம். இவற்றையே நினைத்திருப்போர்க்குப் பித்தோ பெருந்துயரோ நேரும் என்கிறது அந்நூல்.

ஆழமானது, தவறாகக் கேட்கப்பட்டது, கேட்பதால் கேடு தருவது என மூன்றையும் அந்நூல்கள் வேறு வேறாகவே வைத்திருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக்கி 'புரியாத மறைபொருள்' என்று ஒதுக்கும் வழக்கம் பிற்காலத்தது. பௌத்தத்தைப் பற்றி எழுதிய மேலைநாட்டார் சிலரும் அவர்களைப் பின்பற்றிய நம்மவரும் இதில் தவறியுள்ளனர். புத்தர் மௌனம் காத்தார் என்பதைக் கொண்டு அவரை ஐயவாதியாகவோ மறைபொருள்வாதியாகவோ காட்டுவோர், எந்த வினாவுக்கு எக்காரணத்தால் மௌனம் காத்தார் என்பதைக் கேட்பதில்லை.

ஏட்டில் ஏறியதால் நூலுக்கே ஒரு புதிய புகமுடியாமை வந்து சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அலுவிகாரையில் இன்றும் வருவோர்க்குக் காட்டப்படும் முறைப்படி, பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி கீறிச் செல்லும்போது எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை; கரியும் எண்ணெயும் தடவித் துடைத்த பின்னரே கீறலில் மை தங்கி எழுத்து வெளிப்படுகிறது. ஓலை தெளிந்தாலும் மொழி தெளிய வேண்டும். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரைக்கு வந்த புத்தகோசர் சிங்களத்தில் இருந்த உரைகளைப் பாலிக்கு மாற்றினார். அதனால் அவ்வுரைகள் பர்மாவுக்கும் சயாமுக்கும் திறந்தன; உறையூரில் பிறந்த புத்ததத்தர் சோழ நாட்டில் இருந்து எழுதவும் அப்பொதுமொழி உதவியது. மறுபுறம், உள்ளூர் மொழியில் இருந்த மூல உரைகள் வழக்கொழிந்து மறைந்தன. 1848இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏடுகளும் அழிந்தன என்று கூறப்படுகிறது. கல்வியே வேர் என்று வென்றோர் இவ்விழப்பை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் உள்ள நாலந்தா கெடிகே இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. தென்னிந்தியக் கற்கோயிலின் அமைப்பில், பல்லவர் பாணியை ஒட்டிக் கட்டப்பட்ட இது பௌத்தப் படிமமனையாகக் கருதப்படுகிறது. நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்கக் கல் கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. ஒன்றில் ஒன்று புகா என்னும் ஆசீவகரின் விதி கற்களுக்குப் பொருந்தியது, அவற்றை அடுக்கிய சமயங்களுக்குப் பொருந்தவில்லை.

சைவத்தின் விடை வேறு திசையில் அமைகிறது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம், கருவிகளால் அறியப்படும் பொருள் அழிவுறும் அசத்து ஆகும், எவ்வாற்றாலும் அறியப்படாதது இல்பொருள் ஆகும் என்ற இருதலைச் சிக்கலை முன்வைத்து, சிவம் இரண்டும் அன்று என்கிறது. சுட்டி அறியும் அறிவால் பற்றப்படாததாயினும் அது அறவே அறியப்படாததும் அன்று. திருவருளாகிய ஞானக்கண்ணால் உணரப்படும். இதைச் சைவர் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாக வகுப்பர். கருவிகளையும் நூல்களையும் கொண்டு அறிவது பாசஞானம், உயிர் தன்னையே முதலாகக் கருதி அறிவது பசுஞானம், இறைவன் உணர்த்த உணர்வது பதிஞானம். முதலிரண்டும் வெளியே நின்று உள்ளே புக முயல்வன. மூன்றாவதில் புகும் முயற்சியே இல்லை, ஏனெனில் பதினோராம் சூத்திரம் கூறுவதுபோல், கண் காண்பதற்கு உயிர் உடனின்று காட்டுவதைப்போல உயிர் அறிவதற்கு இறைவன் உடனின்று காட்டுகிறான். உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் கலந்து நிற்பதற்கு இறைவனுக்கு இடத்தடை இல்லை. அத்துவிதம் என்று சைவ சித்தாந்தம் வழங்குவது இக்கலப்பையே.

முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் வழிபாட்டு முறை இக்கோட்பாட்டைச் செயலில் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மலைநாட்டில் முதலில் சேர்ந்த ஊர்களுள் மாத்தளை ஒன்று. அவர்களின் வழிபாட்டில் வளர்ந்த இக்கோயிலின் கருவறைக்குள் குருக்கள் அன்றி வேறெவரும் செல்வதில்லை. ஆனால் மாசி மகத் திருவிழாவில் எழுந்தருளித் திருமேனிகள் ஐந்து தேர்களில் நகர வீதிக்கு வருகின்றன. உள்ளே புக முடியாதவர்க்கு உள்ளிருப்பது வெளியே வருகிறது என்பது ஆகம விதி மட்டுமன்று, பதிஞானத்தின் வடிவமும் அதுவே. கருவறைத் தடையைச் சாதி அடிப்படையில் பிறரைக் கோயிலுக்குள்ளேயே விடாது தடுத்த வழக்கத்தோடு குழப்புவதும், அவ்வழக்கத்துக்கு இக்கோட்பாட்டைச் சாக்காக்குவதும் தவறு. பின்னது மனிதர் மனிதர்க்கு இட்ட தடை, அதற்குச் சித்தாந்தத்தில் இடம் இல்லை.

அருள் உடனிருந்தும் உயிர் ஏன் அறியாதிருக்கிறது என்பதற்குச் சைவம் ஆணவ மலத்தைக் காரணமாகக் காட்டும். உமாபதி சிவாசாரியர் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருவருட்பயனில் இம்மலத்தை இருளோடு ஒப்பிட்டு, உலகத்து இருள் பிற பொருளை மறைத்தாலும் தான் இருப்பதையேனும் காட்டும், ஆணவமோ பிறவற்றையும் காட்டாது தன்னையும் காட்டாது என்கிறார். புகமுடியாமைக்கு இதைவிடக் கூர்மையான இலக்கணம் இந்நூல்களுள் இல்லை. தடைப்பட்டிருப்பதை அறிந்தவர் பாதி வழி வந்தவர். தடை இருப்பதையே அறியாதவர் தட்டுவதற்குக் கதவையும் காணார். மகாநிதான சூத்திரத்தில் ஆனந்தருக்கு எல்லாம் தெளிவாகத் தோன்றியதும் இதே நோயின் மெல்லிய வடிவம் என்று கொள்ளலாம்.

இரு நெறிகளும் எங்கே பிரிகின்றன என்பது இப்போது புலனாகும். பௌத்தருக்கு மறைப்பு ஒரு பொருள் அன்று. அவிச்சை, அதாவது உண்மையறியாமை, காரணங்களைச் சார்ந்து நிகழும் நிலை மட்டுமே, அதன் தொடக்கப் புள்ளி காணப்படுவதில்லை என்று அங்குத்தரநிகாயம் கூறுகிறது. சைவருக்கு ஆணவம் உள்பொருள், அநாதியே உயிரைப் பற்றியது. தொடக்கம் கேட்டால் இருவரும் ஒரே விடையைத்தான் தருகின்றனர். ஆனால் பொருள் என்று ஏற்ற சைவருக்கு வசுபந்துவின் பழைய வினா எதிரே வந்து நிற்கும். ஒன்றேயான, பகுப்பற்ற மறைப்பு எண்ணற்ற உயிர்களைத் தடுப்பது எங்ஙனம், ஓர் உயிர்க்கு அது விலகினால் எல்லா உயிர்க்கும் விலகாதது எங்ஙனம்? சித்தாந்திகள் இதை எதிர்பாராதவர் அல்லர். ஆணவம் பொருளால் ஒன்று, மறைக்கும் அதன் சத்திகள் உயிர்தோறும் பல, அச்சத்தி அவ்வவ்வுயிரின் பக்குவத்துக்கு ஏற்ற காலத்தில் மடங்கும், பொருள் மட்டும் அழியாது நிற்கும் என்பது அவர்களின் விடை. புகவிடாமை பொருளின் இருப்பில் இல்லை, அது செலுத்தும் ஆற்றலில் இருக்கிறது என்று காண்ட் பருப்பொருளுக்குச் சொன்னதை, அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்னரே தமிழ்ச் சைவர் உயிரின் மறைப்புக்குச் சொல்லியிருந்தனர்.